பெயர்ச்சீட்டில் மூன்றாவது வரி

எங்கள் பாட்டிக்கு எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த விலங்குக் காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்'. எண்ணூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையே அப்படித்தான் சொன்னது. காணும் பொங்கலன்று புளிச்சோற்றுத் தூக்கோடு எங்களை ரயிலேற்றிக் கூட்டிப் போவார். காலையில் உயிர்க் காலேஜ், வெயில் ஏறியதும் செத்த காலேஜ். பள்ளிக்கூடப் படி ஏறாத அவர், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு காலேஜ்களுக்குப் போய்வந்தார். அங்கே பார்த்ததைத் தெருவில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஒரு வாரம் சொல்லுவார்.

இரண்டு காலேஜ்களுக்கும் மூலவர் ஒருவரே என்று பிற்பாடு படித்தேன். எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1851இல் நுங்கம்பாக்கத்தில் 1,100 பாறை மாதிரிகளோடு அருங்காட்சியகம் தொடங்கியது. அவர் அதன் பொறுப்பாளர். சில வருடங்களில் அது இப்போதிருக்கும் பாந்தியன் சாலைக்கு வந்தது. அந்த வளாகத்தில் அவர் வளர்த்த விலங்குகளிலிருந்துதான் உயிர்க் காலேஜ் பிறந்தது. அது 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான் விலங்கியல் படித்ததற்கு அந்தக் காணும் பொங்கல்கள்தான் காரணம். 31 வருடம் வடசென்னைப் பள்ளிகளில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் பாதிக் காலம், ஆய்வகத்தின் மூலையில் ஒரு மர அலமாரியை வைத்துக்கொண்டு நானும் ஒரு குட்டி அருங்காட்சியகம் நடத்தினேன். பிள்ளைகள் கொண்டுவந்தவைதான் எல்லாம்: சங்கு, மட்டி ஓடு, நண்டு ஓடு, பாம்புச் சட்டை, காற்றில் விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு. மீன்களை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வைப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. முதல் வரியில் அறிவியல் பெயர். இரண்டாம் வரியில் கிடைத்த இடமும் தேதியும். எழும்பூரில் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது.

ஒருநாள் முகத்துவாரக்குப்பத்துப் பையன் ஒருவன் பாட்டிலைக் காட்டிக் கேட்டான்: "டீச்சர், இது மடவை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இதில் ஏன் வேறு பெயர் ஒட்டியிருக்கிறீர்கள்?" சீட்டில் 'முகில் செஃபாலஸ்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். அந்த மீனைக் கொண்டுவந்தவன் அவன். பிடித்தவர் அவனுடைய அப்பா. அவர்கள் வாயில் புழங்கும் பெயர் மட்டும் அந்தச் சீட்டில் இல்லை. அன்று மாலையே எல்லாச் சீட்டுகளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். மூன்றாவது வரி சேர்ந்தது: பிடித்தவர்கள் சொல்லும் பெயர், அதைச் சொன்னவர் யார். அதற்காக ஒரு நீளப் பதிவேடும் போட்டேன்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஜூனில் போனபோது அலமாரி காலியாக இருந்தது. பாட்டில்கள் நாற்றமடித்ததால் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். 14 வருடம் சேர்த்தவை. அன்று வகுப்புக்குப் போக முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பதிவேடு மட்டும் என் கைப்பையில் இருந்ததால் தப்பியது. பொருள்கள் எல்லாம் போய்ப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்துகொண்டிருக்கும் வேலை முழுவதும் அந்தப் பதிவேட்டின் தொடர்ச்சிதான்.

அதை எழுத எழுத எனக்கு ஒன்று உறைத்தது. குப்பத்து மீனவர்கள் சொன்ன பெயர்கள் நிறைய இருந்தன. இருளர் ஒருவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. என் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இருந்தார்கள், பின்வரிசையில், பேசாமல். அவர்களிடம் நான் கேட்கவில்லை.

இருளர் என்றதும் பலருக்கும் பாம்புதான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குப் பிழைப்பாக இருந்த பாம்புத்தோல் வியாபாரத்தை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்த பிறகு, 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் வீட்டில் இனிப்பு செய்தேன். ஆனால் எங்கள் பக்கத்து இருளர்களில் பலர் தண்ணீர்க்காரர்கள். எண்ணூர்க் கழியிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் பழவேற்காட்டிலும் வலையில்லாமல், படகில்லாமல், வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள்.

நான் 'அக்கா' என்று அழைக்கும் ஒருவரிடம் இதைக் கற்கத் தொடங்கினேன். எழுபதைக் கடந்தவர். மீஞ்சூர்ப் பக்கம் குடியிருக்கிறார். பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர் விருப்பம்.

முதல்முறை அவரோடு போனது ஒரு தை மாத விடியல். நீர் வற்றும் நேரம். அவர் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி, மெல்ல மெல்லக் கழுத்து வரை குனிந்தார். பனையோலையில் பின்னிய பறியின் வாய்விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் சேற்றின் மேல் விசிறிபோல் விரிந்து, ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து கூடும். கூடியதும் ஒரு கை மேலே வரும், பறிக்குள் போகும், மறுபடி இறங்கும். தலை அசைவதில்லை. கண் எங்கோ எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பறி வாயில் இருப்பதால் பேச்சு கிடையாது. மூன்று மணி நேரம் அப்படி நகர்ந்தார். கரைக்கு வந்து பறியை எடுத்தபோது கீழ்த்தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பறிக்குள் முக்கால் கிலோ இருக்கும்.

நான் புத்தகத்தை விரித்தேன். இறால்களின் நெற்றியில் ரம்பம்போல நீளும் கொம்பின் மேலும் கீழும் உள்ள பற்களை எண்ணித்தான் நாங்கள் இனம் பிரிப்போம். வெயிலில் பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எண்ணத் தொடங்கினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணீருக்குள்ளேயே தெரியுமே டீச்சர். வெள்ளை இறால் விரல் பட்டதும் பின்னால் உதைத்துப் போகும். புலி இறால் கொஞ்சம் யோசிக்கும். யோசிக்கிற நேரத்தில் பிடித்துவிட வேண்டும்."

'யோசிக்கும்' என்ற அந்தச் சொல்லை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கலங்கிய தண்ணீரில், கண்ணால் பார்க்காமல், விரலில் படும் அரை நொடியில் இரண்டு இனங்களைப் பிரிக்கும் அறிவு அது. இருங்கெளுத்தியின் முள்ளையும் அதே விரல்கள்தான் தெரிந்துகொண்டு விலக வேண்டும். அது குத்தினால் நாள் முழுக்க வலி நிற்காது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் தொட்டு அறியும் இனக்குறிப்பு என்று ஒரு பகுதி இருந்ததில்லை.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழைந்து, அலையாத்தி வேர்களுக்கு இடையே சேற்றில் வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போகின்றன. அக்காவுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்துவாரம் மணலடித்து அடைந்திருக்கும் மாதங்களில் பறி நிறையாது என்று அவரே சொன்னார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறி இறங்கும் நாள்களில் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது அவர் கணக்கில் வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த இடத்தில் கால் வைத்தால் சேறு சேறாக இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் படர்ந்த பிறகு பல வாரங்கள் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. வேறு வேலையும் இல்லை.

பிறகு காக்கா ஆழி. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கரைகளைச் சேர்ந்த கருமையான மட்டி இது. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்டிரிகாட்டா. கப்பல்கள் சாயாமல் இருக்க அடியில் நிரப்பிக்கொள்ளும் நிலைநீரோடு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கம்பளம் விரித்ததுபோலச் சேற்றை மூடிவிடுகிறது. அதன் அடியில் இறால் புதைய முடியாது. அதன் மேல் கையை விரித்துத் தடவவும் முடியாது, ஓட்டின் விளிம்பு அறுத்துவிடும். அக்காவின் இடது உள்ளங்கையில் மூன்று கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. மீனவர்கள் அதற்குப் பெயர் வைத்துப் பேசத் தொடங்கிய பிறகுதான் நான் அறிவியல் பெயரைத் தேடிப் போனேன். வெகுநாளாகச் சாப்பிட்டுவந்த மஞ்சள் மட்டி கண்ணில் படுவதே அரிதாகிவிட்டதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

பழைய பட்டியல்களின் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை இருந்த கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களையும் மற்ற உயிரினங்களின் மிச்சங்களையும் பொறுமையாகப் பட்டியலிட்டார். அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1941, 1942 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்தது. கரையில் நடந்து, குனிந்து பொறுக்கிச் செய்த வேலை. எது புதிதாக வந்தது, எது போய்விட்டது என்று இன்று நாம் சொல்ல வேண்டுமென்றால், அன்று ஒருவர் குனிந்து பொறுக்கியிருக்க வேண்டும். அந்த வகையில் செத்த காலேஜ் உயிரோடு இருப்பதைக் காக்கும் இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே கட்டடத்தின் இன்னொரு கதையையும் நான் சொல்லியாக வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளர். முத்துக்குளிப்பு, சங்கு, பாம்பன் பகுதிக் கடலுயிரிகள் என்று ஆராய்ந்தவர், பிறகு மனிதர்களை அளக்கத் தொடங்கினார். மூக்கின் நீளம், அகலம், தலையின் சுற்றளவு. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அதன் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்: யானை தொடர்பான ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்ட நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க மறுத்தாராம். வயநாட்டுப் பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயம். அவர் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் அறியாமையால் ஓடினார்கள் என்று நான் நினைக்கவுமில்லை. தங்களை எந்தக் கண்ணோடு ஒருவர் பார்க்கிறார் என்பதை அவர்கள் சரியாகவே படித்திருக்கிறார்கள்.

அந்தத் தொகுதிகளை வீசிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். செங்கல்பட்டு, வடஆற்காடு பக்கத்து இருளர்களை வில்லியர் என்று அழைத்தது முதல் எத்தனையோ செய்திகள் அதில் பதிவாகியிருக்கின்றன. 1940இல் கண்காணிப்பாளரான மானிடவியலாளர் அய்யப்பன், பழங்குடிகளின் வாழ்நிலை பற்றி 1948இல் அரசுக்கு ஓர் அறிக்கையே கொடுத்தார். அளவுகோலிலிருந்து அங்கே வருவதற்குள் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நான் கேட்பது அதற்கடுத்த படி. இருளரைப் பற்றிய சீட்டு போதாது. இறாலைப் பற்றிய சீட்டில் இருளர் சொன்னது வர வேண்டும், சொன்னவராக, அறிஞராக.

இதையெல்லாம் அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் வேறொன்றைக் கேட்டார்: "எழுதிக்கொண்டு போய் யாரிடம் கொடுப்பீர்கள் டீச்சர்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. எந்த மூலையில் இறால் கூடும் என்று எழுதினால் நாளைக்கு அங்கே யாராவது வலை கட்டுவார்கள் என்றார். நியாயமான பயம். அன்றிலிருந்து இடங்களை எழுதுவதில்லை. கன்னியம்மனுக்கு அவர் நேர்ந்துகொள்வதைப் பற்றியும், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் போய்த் தங்குவதைப் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறார். போவதை எழுதலாம், அங்கே சொல்லும் வார்த்தைகளை எழுதக்கூடாது என்றார். எழுதவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பெரிய படிவங்கள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குள் இருப்பது இவ்வளவுதான்.

போன மாசியில் அவரை எழும்பூருக்குக் கூட்டிப் போனேன். வாழ்நாளில் முதல்முறை. அவருடைய பேத்தியும் வந்தாள், எட்டாம் வகுப்பு. திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே மூவரும் வெகுநேரம் நின்றோம். பாட்டிலில் இருந்த மீன்களை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறமெல்லாம் போய் எல்லாம் ஒரே வெளிறல். "நிறமும் இல்லை, துள்ளலும் இல்லை, பிள்ளைகள் இதை வைத்து எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்?" என்று கவலையோடு கேட்டார்.

கற்கருவிகள் இருக்கும் பகுதிக்கு வந்தோம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார்கள். அவருடைய சேகரிப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்ந்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். அதற்குப் பிந்தைய, நுட்பமான கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செய்யப்பட்டன என்பது 2018இல் வந்த முடிவு. விலங்குகளின் பற்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் யார் என்று சொல்ல முடியாது. சிலர் ஆசையில் அத்திரம்பாக்கத்தையும் இன்றைய பழங்குடிகளையும் ஒரே கோட்டில் இணைத்துவிடுகிறார்கள். அது தவறு. அக்காவுக்கு மரியாதை தர 15 லட்சம் ஆண்டு தேவையில்லை. இந்த ஆற்றைப் பற்றி அவருக்கு இன்று தெரிந்திருப்பதே போதும்.

ஆனால் ஆறு ஒன்றுதான். பூண்டியைத் தாண்டி வரும் அதே கொசஸ்தலையாறுதான் எண்ணூரில் கடலில் கலக்கிறது. அதை அக்காவிடம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைக்கோடரி இலை வடிவில், உள்ளங்கை அளவில் இருந்தது. அக்கா தன் இடது கையைக் கண்ணாடியின் மேல் வைத்து, விரல்களை மடக்கி, அதைப் பிடித்தால் எப்படிப் பிடிக்கலாம் என்று பார்த்தார். பிறகு கையைத் திருப்பி வலது கையால் பார்த்தார். "இந்தப் பக்கம் தட்டியிருக்கிறார்கள். வலது கைதான்" என்றார். பேத்தி அதைப் பதிவேட்டில் எழுதினாள்.

"அப்போது ஆற்றில் இறால் இருந்ததா?" என்று அடுத்துக் கேட்டார். கடல் அங்கிருந்து தூரம் அக்கா, என்றேன். "வெள்ளை இறாலைக் கேட்கவில்லை. நன்னீர் இறாலைக் கேட்கிறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. கேள்வியையும் எழுதச் சொன்னேன்.

திரும்பும்போது கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினோம். கூட்டம் குறைவு. ராயபுரம் தாண்டியதும், பதிவேட்டில் தன் பெயரில் இருப்பதையெல்லாம் முதலிலிருந்து படித்துக் காட்டச் சொன்னார். பேத்தி சத்தமாகப் படித்தாள். கொருக்குப்பேட்டையில் ஒரு வரியை அடிக்கச் சொன்னார். அது அவருடைய அண்ணன் சொன்னது, அவர் பெயரில்தான் வர வேண்டும் என்றார். திருவொற்றியூருக்கு முன்னால் இன்னொன்றை அடிக்கச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கத்திவாக்கத்தில், புலி இறால் யோசிப்பது பெரியதற்குத்தான் பொருந்தும், குஞ்சு யோசிக்காது என்று சேர்க்கச் சொன்னார். பேத்தி மூன்றாவது வரியின் ஓரத்தில் அதைச் சின்ன எழுத்தில் எழுதி முடிப்பதற்குள் எண்ணூர் வந்துவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன். பதிவேடு அவர்களோடு மீஞ்சூருக்குப் போனது. மீதியை வீட்டில் படித்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள்.